பெட்ரோலில் ஏன் ஆயில் கலந்தார்கள்? படகு எஞ்சினை உலகுக்குக் கொண்டுபோன ஓலே எவின்ரூடின் கதை

உங்களுக்கு இப்போது முப்பது வயது சொச்சம் என்றால் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கலாம். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி பெட்ரோல் பங்குக்குப் போவீர்கள். சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்ததும், பங்க் ஊழியர் முதலில் ஒரு சின்னக் குவளையில் ஆயிலை அளந்து ஊற்றுவார். அதற்கு மேல் பெட்ரோல். பிறகு அப்பா வண்டியை இரண்டு பக்கமும் நாலு ஆட்டு ஆட்டுவார். கலக்கணுமாம்.

காருக்கு இப்படி யாரும் செய்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்று நீங்கள் ஓட்டும் பைக்குக்கும் இது தேவையில்லை. அந்த ஸ்கூட்டருக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்கான பதிலை ஸ்கூட்டரை வைத்தே சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே எஞ்சின் வகையை, அதே ஆயில் கலந்த பெட்ரோலை, ஸ்கூட்டருக்கு ரொம்ப முன்பே தண்ணீருக்குக் கொண்டுபோன ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் பல பத்தாண்டுகள் படகுகளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. ஓலே எவின்ரூட். அவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் குவளை ஆயில் செய்த நன்மையும் புரியும், செய்த கெடுதலும் புரியும்.

நார்வேயிலிருந்து ஒரு விவசாயி மகன்

எவின்ரூட் பிறந்தது 1877 ஏப்ரல் 19. ஊர், நார்வேயின் யோவிக் பகுதி. அவருக்கு ஐந்து வயது ஆவதற்குள்ளாகவோ, அதை ஒட்டியோ குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போனது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ரிப்ளி ஏரிக்கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பிழைப்பு விவசாயம். நார்வேயில் இருந்த பண்ணையின் பெயர்தான் அமெரிக்காவில் அவர்களுடைய குடும்பப் பெயர் ஆனது.

ஓலேக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. ஏரிக்கரையில் வளர்ந்த பையன், பதின்வயதில் தானாகவே ஒரு பாய்மரப் படகைக் கட்டினான். விவசாயம் செய்ய வேண்டிய மகன் மரத்தை இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று குடும்பக் கதை சொல்கிறது. நம் வீடுகளிலும் கேட்ட கதைதானே.

பதினாறு வயதில் வீட்டை விட்டு மேடிசன் நகரத்துக்குப் போனார். பண்ணை இயந்திரங்கள் விற்கும், பழுது பார்க்கும் இடத்தில் வேலை. கல்லூரிப் படிப்பு கிடையாது. பொறியியலைப் புத்தகம் வாங்கிப் படித்தும், கை அழுக்காகியும்தான் கற்றார். அங்கிருந்து பிட்ஸ்பர்க், சிகாகோ என்று ஆலை ஆலையாக மாறி, கடைசியில் மில்வாக்கியில் வந்து நின்றார். இன்றைய மொழியில் சொன்னால், ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு ஸ்கில் கற்றுக்கொண்டு அடுத்த கம்பெனிக்குத் தாவியவர்.

அது 1900-ஐ ஒட்டிய காலம். பெட்ரோல் எஞ்சின் என்பது இன்றைய ஏஐ மாதிரி. எல்லாருக்கும் அதில் ஒரு ஸ்டார்ட்அப் கனவு. மில்வாக்கியில் ஹார்லி, டேவிட்சன் என்ற இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் எஞ்சின் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எவின்ரூட் எஞ்சின் விஷயத்தில் கை கொடுத்தார் என்று சொல்வார்கள். அவர் சொந்தமாகத் தொடங்கிய முதல் தொழில், ஆர்டரின் பேரில் எஞ்சின் செய்து தருவது. கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. அது முடிந்து அடுத்ததைத் தொடங்கினார். அதுவும் நிலைக்கவில்லை.

இந்தத் தோல்விகளுக்கு நடுவில்தான் பெஸ் கேரியைச் சந்தித்தார். வணிகக் கல்வி படித்த பெண். எவின்ரூட் கடிதம் எழுதுவதிலும் கணக்கு வைப்பதிலும் சுத்தமாகப் பூஜ்யம். அந்த வேலையைப் பெஸ் எடுத்துக்கொண்டார். 1906-ல் திருமணம்.

உருகிப்போன ஐஸ்கிரீம்

இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். ஒரு கோடை நாள், ஓர் ஏரி, நண்பர்களோடு பிக்னிக். பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். எவின்ரூட் துடுப்புப் போட்டுக்கொண்டு ஏரியைக் கடந்து போய் வாங்கினார். தூரம் இரண்டரை மைல், அதாவது ஏறக்குறைய 4 கிலோமீட்டர். திரும்பி வருவதற்குள் எல்லாம் உருகிப்போனது. துடுப்புக்குப் பதில் எஞ்சின் வேண்டும் என்ற யோசனை அங்கே பிறந்ததாம்.

நடந்திருக்கலாம். ஆனால் நான் இதை அப்படியே விழுங்க மாட்டேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி ஓர் அழகான தொடக்கக் கதை வேண்டும். அதை வைத்து விளம்பரம் நன்றாக ஓடும். இன்னொன்று, படகின் பின்புறம் கழற்றி மாட்டும் எஞ்சினை முதலில் செய்தவர் எவின்ரூட் அல்ல. 1890-களிலேயே நியூயார்க் பக்கம் ஒரு நிறுவனம் முயன்றிருக்கிறது. கேமரான் வாட்டர்மேன் என்ற சட்ட மாணவர் 1905-ல் டெட்ராய்ட் ஆற்றில் தன் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, காப்புரிமையும் வாங்கி, விற்கவும் செய்தார். எவின்ரூட் தண்ணீரில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் பெயர் ஏன் எவின்ரூடுக்குப் போனது? அவர் செய்தது ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் வித்தியாசம்.

அவர் எஞ்சினைப் பார்த்தால் இன்றைய அவுட்போர்டு மோட்டாரின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். மேலே படுக்கை வாட்டில் ஒற்றை சிலிண்டர். அதன் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும். தலையில் ஒரு ஃப்ளைவீல். அதில் ஒரு கைப்பிடிக் குமிழ். அதைப் பிடித்துச் சுழற்றினால் ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் முட்டி பெயரும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு தண்ணீருக்குள் இறங்கும். அடியில் ஒரு கியர் பெட்டி, அதில் புரொப்பெல்லர். ஆற்றுத் தண்ணீரையே பம்ப் செய்து சிலிண்டரைக் குளிரவைக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த பெஸ்ஸுக்கு அது காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி தெரிந்ததாம். படத்தைத் தேடிப் பாருங்கள், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

1909-ல் விற்பனைக்கு வந்த மாடலின் திறன் 1.5 குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. விலை 62 டாலர். எடையும் விலையும் ஒரே எண்! ஓர் ஒப்பீட்டுக்கு: இன்று தெருவில் கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்100-இன் திறனில் இது மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போட வேண்டிய படகை அது தனியாக இழுத்துக்கொண்டு போனது. நண்பர் ஒருவர் அதை ஒரு நாள் இரவல் வாங்கிப்போனார். திரும்பி வரும்போது பத்து பேரிடம் ஆர்டரும் பணமும் வாங்கி வந்தார் என்பார்கள். எவின்ரூட் முதலில் 25 எஞ்சின்களைக் கையாலேயே செய்தார்.

சரி, ஆயில் எங்கே வந்தது?

இப்போது உங்கள் ஸ்கூட்டர் கேள்விக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடம். நடுவில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதைத்தான் எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு என்பார்கள்.

காரிலும் இன்றைய பைக்கிலும் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் அடிப்பகுதியில் ஆயில் ஒரு தொட்டியில் தேங்கி நிற்கும். ஒரு பம்ப் அதை எடுத்து மேலே அனுப்பும். வேலை முடிந்ததும் வழிந்து திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். அதே ஆயில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால்தான் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸில் ஆயில் மாற்றுகிறீர்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் கதை வேறு. 1891-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார். பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே, கிராங்க் சுழலும் அறையில், வெற்றிடம் உண்டாகிறது அல்லவா? அந்த வெற்றிடம் புதிய காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கட்டும். பிஸ்டன் கீழே வரும்போது அதே அறை அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் கலவையைப் பக்கவாட்டுத் துவாரம் வழியாக மேலே தள்ளட்டும். மேலே வால்வு வேண்டாம், கேம் ஷாஃப்ட் வேண்டாம். பிஸ்டனே துவாரத்தை மூடித் திறக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 83 முறை.

பாகங்கள் குறைவு, எடை குறைவு, திறன் அதிகம். எல்லாம் சரி. ஆனால் ஆயில் தொட்டி இருக்க வேண்டிய இடத்தைத்தான் இப்போது பெட்ரோல் கலவை போகும் பாதையாக்கிவிட்டோமே! அங்கே ஆயிலைத் தேக்கினால், அது பெட்ரோலோடு சேர்ந்து மேலே இழுக்கப்பட்டு எரிந்துவிடும்.

ஆரம்பக் கால எஞ்சின்கள் சிலவற்றில் சொட்டுச் சொட்டாக ஆயில் விடும் கண்ணாடிக் குப்பிகளை மாட்டினார்கள். அது ஓரிடத்தில் நிலையாக நிற்கும் எஞ்சினுக்குச் சரி. படகின் பின்னால் தொங்கிக்கொண்டு, அலையில் ஆடி, கரை வந்ததும் சாய்த்துத் தூக்கப்படும் எஞ்சினுக்கு? அதை விட எளிதான வழி, ஆயிலை நேராகப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவது. எவின்ரூடின் எஞ்சினும் அப்படிக் கலந்த எண்ணெயில்தான் ஓடியது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஆயில் பெட்ரோலில் கரைந்துவிடும். கார்புரேட்டர் அந்தக் கலவையைத் தூறலாக்கி உள்ளே அனுப்பும். கிராங்க் அறை சூடாக இருப்பதால் பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடும். ஆயில் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. மிஞ்சிய நுண்துளிகள் பேரிங்குகளிலும் கனெக்டிங் ராடிலும் சிலிண்டர் சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பனித்துளி அளவு ஆயில்தான் முழு எஞ்சினையும் காப்பாற்றுகிறது. பிறகு அதுவும் மெல்ல மேலே நகர்ந்து, பாதி எரிந்து பாதி எரியாமல், புகையோடு வெளியேறிவிடும். அதன் இடத்துக்கு அடுத்த துளி. திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை. ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. ஒவ்வொரு வினாடியும் அது தானே மாறிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினை எப்படிச் சாய்த்தாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். தொட்டி இல்லை, ஆயில் பம்ப் இல்லை, வழியும் பயம் இல்லை. 28 கிலோ எஞ்சினைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஏரிக்கரைக்கு நடந்து போக முடிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

சிக்கல் அளவில்தான். ஆயில் குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகமானால்? ஸ்பார்க் பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும், புகைவழியில் கரி படியும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார்புரேட்டர் துவாரத்தின் அளவு மாறாது. அதன் வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. அதாவது கலவையில் காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைகிறது; எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். நல்லதுக்குத்தானே என்று ஒரு குவளை அதிகம் ஊற்றுவது நல்லது அல்ல.

எவின்ரூட் காலத்தில் அளவு தாராளம். ஒரு காலன் பெட்ரோலுக்கு அரை பைன்ட் முதல் ஒரு பைன்ட் வரை ஆயில் ஊற்றுவார்கள். கணக்குப் போட்டால் 16:1 முதல் 8:1 வரை வருகிறது. 10 லிட்டர் பெட்ரோலுக்கு 625 மில்லி முதல் 1.25 லிட்டர் வரை! அன்றைய பேரிங்குகள் வெண்கலப் புதர்கள். உலோகம் உலோகத்தின் மேல் வழுக்கிச் சுழலும் வகை. அவற்றுக்கு நிறைய ஆயில் வேண்டும். அன்றைய ஆயிலும் சாதாரண ரகம். விளைவாக, எவின்ரூட் எஞ்சின் போன இடமெல்லாம் நீலப்புகையும் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலமும் கூடவே போயின. அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. துடுப்பு கீழே வைத்த சந்தோஷம் அப்படி.

விற்றார், விலகினார், திரும்பி வந்தார்

பெஸ் எழுதிய விளம்பரம்தான் எவின்ரூடை ஊர் ஊராகக் கொண்டுபோனது. துடுப்பைத் தூக்கி எறியச் சொல்லும் சின்ன விளம்பரம், அவ்வளவுதான். கடிதங்கள் குவிந்தன. ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கான ஏற்றுமதி ஆர்டர்கள் வந்தன. இது முக்கியமான திருப்பம். அமெரிக்க ஏரியில் அது பொழுதுபோக்குச் சாமான். வட கடல் ஓரத்து மீனவருக்கு அது பிழைப்புக் கருவி. நார்வேயிலிருந்து கிளம்பிய குடும்பத்தின் பெயர், எஞ்சின் மேல் பொறிக்கப்பட்டு அந்தக் கடற்கரைகளுக்கே திரும்பிப் போனது.

முதலீட்டுக்குக் கிறிஸ் மேயர் என்பவர் கூட்டுச் சேர்ந்தார். இழுவைப் படகுத் தொழிலில் இருந்தவர். 1912-க்குள் தொழிற்சாலையில் 300 பேர் வேலை செய்தார்கள். எவின்ரூட் பட்டறையில், பெஸ் அலுவலகத்தில். இரண்டு பேரும் வீடு, வேலை என்ற வித்தியாசமே இல்லாமல் உழைத்தார்கள். பெஸ்ஸின் உடல் தாங்கவில்லை.

இங்கேதான் எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கிறது. கம்பெனி உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, மனைவியின் உடல்நிலைக்காக எவின்ரூட் தன் பங்கை மேயருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். நிபந்தனை, ஐந்து ஆண்டுகளுக்கு இதே தொழிலில் போட்டிக்கு வரக்கூடாது. கம்பெனி போனது மட்டும் இல்லை. கம்பெனியின் பெயர் எவின்ரூட். அதாவது தன் பெயரையும் விற்றுவிட்டார். மனைவி, சிறு வயது மகன் ரால்ஃபோடு ஊர் சுற்றக் கிளம்பினார்.

அந்த ஐந்து ஆண்டுகள் அவர் கை சும்மா இருக்கவில்லை. பழைய எஞ்சினின் குறை அவருக்கு நன்றாகத் தெரியும். எஃகும் பித்தளையுமாக ஒரே கனம், ஒற்றை சிலிண்டரின் கடும் அதிர்வு. புதிய வடிவமைப்பில் எதிரெதிராக இரண்டு சிலிண்டர்கள் வைத்தார். ஒன்றின் உதறலை மற்றது சரிக்கட்டும். முடிந்த இடமெல்லாம் அலுமினியம் போட்டார். 3 குதிரைத்திறன், எடை 48 பவுண்டு, அதாவது 22 கிலோ சுமார். திறன் இரட்டிப்பு, எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

1919-ல் தடைக்காலம் முடிந்ததும் இந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டு பழைய கூட்டாளி மேயரிடமே போனார். மேயர் வேண்டாம் என்றார். கார்ப்பரேட் வரலாற்றில் இப்படி வேண்டாம் என்ற பலரில் இவரும் ஒருவர்.

சொந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. என்ன செய்வது? எவின்ரூடின் லேசான இரட்டை அவுட்போர்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்து எல்டோ என்று பெயர் வைத்தார்கள். பெயரை விற்றவர் அதைச் சுருக்கெழுத்துக்குள் ஒளித்துவைத்துத் திரும்பக் கொண்டுவந்த சாமர்த்தியம்! பெஸ் மறுபடியும் நிர்வாகத்துக்கு வந்தார்.

போட்டியும் சூடு பிடித்தது. இந்தியானா மாநிலத்தில் ஜான்சன் சகோதரர்கள் 1920-களின் தொடக்கத்தில் எல்டோவை விட இன்னும் லேசான எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். படகுப் பந்தயங்கள் தொடங்கின. எல்டோ 1928-ல் நான்கு சிலிண்டர் மாடலை இறக்கியது, 18 குதிரைத்திறன். 1909-இன் 1.5-ஐ நினைத்துப் பாருங்கள், இருபதே ஆண்டில் 12 மடங்கு. அத்தனையும் அதே முறை, பெட்ரோலில் கலந்த ஆயில்.

1929-ல் எல்டோவும், பழைய எவின்ரூட் கம்பெனியும், லாக்வுட் என்ற இன்னொரு நிறுவனமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. தலைவர் பதவி ஓலே எவின்ரூடுக்கு. விற்ற பெயர் பதினைந்து ஆண்டு கழித்து வீட்டுக்கு வந்தது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வேலையே இல்லாத நாட்டில் உல்லாசப் படகுக்கு எஞ்சின் யார் வாங்குவார்?

பெஸ் 1933-ல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12 அன்று, மில்வாக்கியில் ஓலே எவின்ரூடும் போய்ச் சேர்ந்தார். வயது 57. பொறுப்பை மகன் ரால்ஃப் எடுத்துக்கொண்டார். 1936-க்குள் ஜான்சனும் அதே குடைக்குள் வந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் பின்னாளில் ஓஎம்சி என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது.

அவர் விட்டுப்போன கணக்கு

எவின்ரூட் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1964-ல் ஓஎம்சி தன் எஞ்சின்களுக்கு 50:1 விகிதத்தைக் கொண்டுவந்தது. 10 லிட்டருக்கு வெறும் 200 மில்லி. எப்படி முடிந்தது? வெண்கலப் புதர்களின் இடத்துக்கு உருளை, ஊசி பேரிங்குகள் வந்துவிட்டன. அவை உருளும், உரசாது. ஆயில் குறைவாகப் போதும். ஆயிலும் மாறியது. தண்ணீரால் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக்குக்கென்றே டிசி-டபிள்யூ என்ற தரம் வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் டிசி-டபிள்யூ3 அதன் வாரிசு.

கார் ஆயிலை ஊற்றினால் ஆகாதா என்று கேட்டால், ஆகாது. கார் ஆயிலில் அழுக்கு நீக்க உலோகச் சேர்மானங்கள் இருக்கும். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பிஸ்டன் தலையில் படிந்து கங்கு மாதிரிக் கனன்று, நேரம் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். சில நேரம் பிஸ்டனில் ஓட்டையே விழும். பைக்குக்கான 2டி ஆயிலும் படகுக்குச் சரிப்படாது. பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது, சூடு அதிகம். சிக்னலுக்குச் சிக்னல் ஓய்வும் கிடைக்கும். படகு எஞ்சினைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது, ஆனால் மணிக்கணக்காக முழு முறுக்கில் ஓட வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து.

ஒரே விகிதம் எல்லா நேரத்துக்கும் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. மெதுவாக ஓடும்போது குறைந்த ஆயில் போதும். 1984-ல் ஓஎம்சி தனி ஆயில் டேங்கும் பம்பும் வைத்து, தேவைக்கேற்ப விகிதத்தை மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தரையில் இதே மாதிரி யோசனைதான் நம் யமஹா ஆர்எக்ஸ்100-இல் இருந்தது. அதற்குத் தனி ஆயில் டேங்க் இருந்ததை ஓட்டியவர்களுக்குத் தெரியும். பங்கில் குவளையோடு நிற்க வேண்டியதில்லை. நல்ல வசதி. ஆனால் படகுக்காரர்கள் பலர் அந்தப் பம்பை நம்பவில்லை. டேங்கில் கையால் கலந்துவிட்டால் பெட்ரோல் போகும்வரை ஆயிலும் போகும். பம்ப் நின்றால் நடுக்கடலில் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

எவ்வளவு குறைத்தாலும் அடிப்படைக் கோளாறு அப்படியே இருந்தது. புதிய கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் பழைய புகை வெளியேறும் துவாரமும் திறந்தே இருக்கிறது. கார்புரேட்டர் வகை இரண்டு ஸ்ட்ரோக்கில் எரிபொருளில் கால் பங்கிலிருந்து 30% வரை எரியாமலே நழுவிப்போகலாம். நீங்கள் 10 லிட்டருக்குப் பணம் கொடுத்தால், இரண்டரை, மூன்று லிட்டர் ஆயிலோடு சேர்ந்து நேராகத் தண்ணீருக்கு. 1999 ஜூனிலிருந்து அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இந்த வகை எஞ்சின்களுக்குத் தடை வந்தது.

இந்தியாவில் இதே பிரச்சினை தெருவில் வெடித்தது. டெல்லியில் லட்சக்கணக்கான ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் நீலப்புகை கக்கின. பாதிக் குற்றம் எஞ்சினுடையது என்றால் மீதிக் குற்றம் அந்தக் குவளையுடையது. யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள், என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்ற கணக்கே இல்லை. 1998 இறுதியில் டெல்லியில் 2டி ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பது தடை செய்யப்பட்டு, அளவாகக் கலந்து தரும் இயந்திரங்கள் பங்குகளுக்கு வந்தன. பிறகு உமிழ்வு விதிகள் இறுக இறுக, இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் ஒவ்வொன்றாக ஷோரூமை விட்டுப் போயின.

ஓஎம்சி கடைசி முயற்சியாக, கிராங்க் அறை வழியே காற்றை மட்டும் அனுப்பி, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையை 1990-களின் பின்பகுதியில் கொண்டுவந்தது. ஆயில் தனி வழியில், மிகச் சிறிய அளவில். யோசனை சரி, ஆரம்ப எஞ்சின்கள் சொதப்பின. 2000 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. கனடாவின் பாம்பார்டியர் எவின்ரூட் பெயரை வாங்கி, அதே முறையைச் செப்பனிட்டு இன்னும் இருபது ஆண்டு ஓட்டியது. 2020 மே மாதம், கொரோனா நடுவில், எவின்ரூட் எஞ்சின் உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மூடப்பட்ட வரிசை இருந்த ஊர் ஸ்டர்டவன்ட். விஸ்கான்சின் மாநிலத்திலேயே, மில்வாக்கிக்குத் தெற்கே.

கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் இன்னமும் நீங்கள் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஜப்பான் கம்பெனிகளின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அடுத்த முறை அதிகாலையில் அந்தப் பக்கம் போனால் கவனியுங்கள்: கேனைத் திறந்து, ஆயிலை அளந்து ஊற்றி, மூடியைத் திருகி, படகில் ஏற்றுவதற்கு முன் கேனை நாலு குலுக்குக் குலுக்குவார்கள்.